பந்தயப் புறாவும் மருந்துக்கு மசியாத கிருமியும்

பந்தயப் புறா வளர்ப்பவர்களிடம் எழுதி வைக்காத மருந்து அட்டவணை ஒன்று இருக்கிறது. பந்தயப் பருவம் தொடங்கும் முன் வாய்ப்புண்ணுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கழிச்சலுக்கு ஒன்று. பருவம் நடக்கும்போது சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் ஒரு சுற்று. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இதற்கென்றே பொட்டலம் போட்ட பொடிகள் உண்டு. நம்மூரில் பெரும்பாலும் மனிதர்களுக்கான மாத்திரைதான். எதுவானாலும் போய்ச் சேரும் இடம் தண்ணீர்க் கிண்ணம். எந்தப் புறாவுக்கு என்ன நோய் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நோய் இருக்கிறதா என்பதே தெரியாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொடுப்பது.

மருந்துக்கு மசியாத கிருமிகளைப் புறாவோடு சேர்த்துப் பேசும்போது பலரும் தெருப்புறாவைத்தான் கைகாட்டுகிறார்கள். மின்விசிறிப் பெட்டியில் கூடுகட்டும் புறா, கோயில் மதிலில் எச்சமிடும் புறா, மருத்துவமனை ஜன்னலில் உட்காரும் புறா. ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் விரல் வேறு பக்கம் திரும்புகிறது: நேசத்தோடு வளர்க்கப்படும் கூண்டுப்புறாவின் பக்கம், அதைவிட அந்தக் கிண்ணத்தின் பக்கம்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள். அதில் வியப்பில்லை. இன்றைய புறாப் பந்தயம் உருவான நாடு அது. புறா ஒன்றின் விலை அங்கே எங்கே போய் நிற்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்: 2020 நவம்பரில் ‘நியூ கிம்’ என்ற பெட்டைப்புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஒரு புறா சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் உட்கார்ந்தால் உடையவர் பொறுமையாக ஆய்வக முடிவுக்குக் காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு வந்த செத்த புறாக்களை அறுத்துப் பார்த்தவர்கள், 1990களின் தொடக்கத்தில் ஒரு நோயை அடையாளம் கண்டு விவரித்தார்கள். இறகைக் களைந்து தோலை உரித்தால் மார்புத் தசையில் வெளிறிய திட்டுகள் தெரியும். ஓரம் கோடு கிழித்ததுபோலத் தெளிவாக இருக்கும். உள்ளே தசை செத்துப் போயிருக்கும். இறக்கையை மேலே தூக்குகிற ஆழ்தசையின் நாண் வீங்கிப் பழுத்திருக்கும். உயிரோடு இருக்கும் புறாவானால் பறக்க முடியாது, நொண்டும், பச்சையாகக் கழியும், சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். காரணமான கிருமிக்கு அப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று பெயர். பின்னர் வகைப்பாடு மாறி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் ஆயிற்று.

இந்தக் கிருமியின் குணத்தில் கவனிக்க வேண்டியது, அது நலமாக இருக்கும் புறாக்களின் குடலிலும் சாதாரணமாகக் குடியிருக்கிறது என்பது. வெளியிலிருந்து படையெடுத்து வரும் எதிரி அல்ல. உடல் தளரும்போது, வேறொரு நோய் தாக்கும்போது, குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் நுழைகிறது. அப்படியானால் கூண்டில் எந்த நோய்க்காக எந்த மருந்தை ஊற்றினாலும், அந்த நோயோடு சம்பந்தமே இல்லாத இந்தக் குடல்வாசியும் அதைக் குடித்துப் பழகுகிறது. சளிக்குக் கொடுத்த டாக்சிசைக்ளின் சளிக்கிருமியோடு நின்றுவிடுவதில்லை.

2002இல் கென்ட் ஆய்வாளர்கள் புறாக்களிடமிருந்து எடுத்த மூன்று வகைக் கிருமிகளை, இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை, சால்மொனெல்லா ஆகியவற்றை, பல மருந்துகளுக்கு எதிரே வைத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸில் டெட்ராசைக்ளின் வகைக்கும் எரித்ரோமைசின், லிங்கோமைசின் வகைக்கும் எதிர்ப்பு நன்றாக வேரூன்றியிருந்தது. இவை எல்லாமே புறாக் கூண்டுகளில் பல்லாண்டாகப் புழங்கும் மருந்துகள். மறு ஆண்டு அதே குழுவினர், புறாவிடமிருந்தும் மனித நோயாளிகளிடமிருந்தும் எடுத்த இதே இனக் கிருமிகளை அருகருகே வைத்து, அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இருபுறமும் ஒரே வகை மரபணுக்கள் தென்பட்டன.

இதைப் படித்ததும் ‘புறாவிடமிருந்து மனிதனுக்குத் தொற்றிவிட்டது’ என்று தலைப்பு போடத் தோன்றும். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மரபணு எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதை இத்தகைய ஒப்பீடு காட்டாது. மனிதனிடமிருந்து புறாவுக்கு, இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது ஓரிடத்திலிருந்து, எப்படியும் வந்திருக்கலாம். ஆனாலும் இந்தக் கிருமியை அலட்சியம் செய்ய முடியாது. மனிதர்களில் இதயத்தின் உட்சுவரை அழற்றும் தொற்றுக்கு இதே இனம் ஒரு காரணம். இரத்தத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டால் பெருங்குடலில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடிப் பார்ப்பது வழக்கம். மனித மருத்துவமும் புறாக் கூண்டும் ஒரே கிருமியோடு, ஒரே மருந்துக் குடும்பங்களை வைத்து மல்லுக்கட்டுகின்றன என்பதுதான் இதில் விஷயம்.

புறா வளர்ப்பவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. உலகத்திலேயே எளிதாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அவர்கள்தான். சார்லஸ் டார்வின் 1855இல் தன் வீட்டில் புறா வளர்க்கத் தொடங்கினார். லண்டனின் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்கு விரிவான இடம் கொடுத்தார். மனிதன் தேர்ந்தெடுத்துச் சேர்க்கச் சேர்க்க ஒரே மாடப்புறாவிலிருந்து விசிறிவாலும் கர்ணமடிப்பதும் தொண்டை உப்பியதும் எப்படி வந்தன என்பதைக் காட்டித்தான், இயற்கையும் இதையே செய்கிறது என்ற வாதத்துக்கு அவர் வழி போட்டார். வேகமாக வீடு திரும்பிய ஆணையும் பெட்டையையும் ஜோடி சேர்க்கும் ஒவ்வொருவரும் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். அதே கையால் தண்ணீரில் மருந்தைக் கரைக்கும்போது, அந்தக் கூண்டுக்குள் இன்னொரு தேர்வையும் அவர்கள் நடத்துகிறார்கள். மருந்தில் சாகாத கிருமிதான் அங்கே வென்ற புறா. அடுத்த தலைமுறை அதனுடையது. ஈ. கோலைக்கு வசதியான சூழலில் ஒரு தலைமுறை என்பது ஏறத்தாழ இருபது நிமிடம்.

தேர்வு நடக்கும் விதம் மருந்துக்கு மருந்து மாறும். டெட்ராசைக்ளின் வகையை எடுத்துக்கொண்டால், பல கிருமிகள் உள்ளே நுழைந்த மருந்தை உடனுக்குடன் வெளியே இறைத்துவிடும் ஒரு புரதத்தைச் செய்துகொள்கின்றன. அதைச் செய்வதற்கான மரபணு அடிக்கடி பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த வளையத்தை ஒரு கிருமி பக்கத்தில் இருக்கும் கிருமிக்குக் கொடுக்கும். பக்கத்துக் கிருமி வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது பழைய, மலிவான மருந்து ஒன்றைக் கொடுத்தாலே போதும். புதிய மருந்துக்கான எதிர்ப்பும் கூடவே தேர்வாகி நிலைத்துவிடும். எந்த மருந்து கொடுத்தோமோ அதற்கு மட்டும்தான் எதிர்ப்பு வரும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

என்ரோஃப்ளாக்சசின் கதை வேறு. புறாக்காரர்கள் ‘பேட்ரில்’ என்ற வணிகப் பெயரால் அறிந்திருக்கும் மருந்து இது. கால்நடைகளுக்கு மட்டுமானது என்றாலும் உடலுக்குள் போனதும் இதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. அதாவது நாம் சாப்பிடும் அதே மருந்து. கிருமியின் டி.என்.ஏ முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் நொதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு இது வேலை செய்கிறது. அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் பிடி தளரும்; கிருமி கொஞ்சம் தாங்கும். இன்னோரிடத்திலும் மாறினால் நன்றாகவே தாங்கும். ஆக எதிர்ப்பு படிப்படியாக ஏறுகிறது. முதல் படியில் நிற்கும் கிருமியைச் சரியான அளவு மருந்து பெரும்பாலும் கொன்றுவிடும். குறைந்த அளவு அதை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைக் கொல்லும். அமெரிக்காவில் 1996இல் கோழிகளுக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்து, மனிதருக்கு வரும் கேம்பிலோபாக்டர் கிருமிகளில் எதிர்ப்பை வளர்க்கிறது என்ற காரணத்தால் 2005 செப்டம்பரில் கோழிப்பண்ணைகளிலிருந்து விலக்கப்பட்டது. பந்தயப் புறா கோழிப்பண்ணைக் கணக்கில் வராது. அதனால் அந்தத் தடையின் சூடு புறாக் கூண்டை அவ்வளவாக எட்டவில்லை.

குறைந்த அளவு என்றதும் கிண்ணத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கான 500 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 400 கிராம் எடையுள்ள புறா அந்த மனிதனில் 150இல் ஒரு பங்கு. மாத்திரையை நாலாக உடைத்து ஒரு துண்டை வாயில் திணித்தால் எடைக்கு எடை பார்க்கையில் அது பல மடங்கு அதிகம். அதே மாத்திரையை ஐம்பது புறா குடிக்கும் தண்ணீரில் போட்டால், எந்தப் புறா எவ்வளவு குடித்தது என்பது யாருக்கும் தெரியாது. எடைக் கணக்குமே ஓரளவுக்குத்தான் உதவும். பறவையின் உடல் பல மருந்துகளை மனித உடலைவிட வேகமாகக் கழித்துவிடுகிறது. வெயில் நாளில் புறா அதிகம் குடிக்கும், குஞ்சுக்கு ஊட்டும் ஜோடி அதைவிட அதிகம் குடிக்கும். முடங்கிக் கிடக்கும் நோயாளிப் புறா கிண்ணத்துப் பக்கமே வராமல் இருக்கலாம். அதாவது மருந்து எந்தப் புறாவுக்குத் தேவையோ அதற்குக் குறைவாகவும், தேவையில்லாததற்கு நிறையவும் போகிறது. எதிர்ப்பை வளர்க்க வேண்டும் என்று யாராவது திட்டமிட்டால்கூட இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

டாக்சிசைக்ளினில் இன்னொரு சிக்கல். இந்தக் குடும்பத்து மருந்துகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கண்டால் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது குடலில் உறிஞ்சப்படாது. புறாவுக்கு முட்டை ஓட்டுக்கும் எலும்புக்குமாகச் சிப்பித்தூள் கலந்த கிரிட் எப்போதும் கூண்டில் இருக்கும். மருந்து கொடுக்கும் நாட்களில் அதை எடுத்துவிட வேண்டும் என்று பறவை மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். கிரிட்டை எடுத்தாலும், போர்வெல் தண்ணீர் கடினநீராக இருந்தால் அதே வேலையைத் தண்ணீரே செய்யும். கெட்டிலில் வெள்ளைப் படலம் படியும் வீட்டில், மொட்டைமாடிக் கிண்ணத்தில் கரைத்த டாக்சிசைக்ளினின் ஒரு பகுதி புறாவின் இரத்தத்துக்குப் போகாமல் எச்சத்தோடு வெளியே வருகிறது. வந்து விழும் இடத்தில் கிருமிகள் இருக்கின்றன.

கால அளவும் இப்படித்தான். புறாக்களுக்குச் சளியும் கண் வீக்கமும் தரும் கிளமிடியா சிட்டாசி என்னும் கிருமி மனிதருக்கும் நிமோனியா தரக்கூடியது. செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் பறவைகளில் அதை ஒழிக்க மருத்துவர்கள் 45 நாள்வரை டாக்சிசைக்ளின் கொடுக்கச் சொல்வதுண்டு. பந்தயக் கூண்டில் கொடுப்பது ஐந்து நாள், ஏழு நாள். கண் தெளிந்துவிடும், மூக்கு காய்ந்துவிடும், புறா பறந்துவிடும். கிருமி அப்படியே இருக்கும்.

இனிச் சால்மொனெல்லாவுக்கு வரலாம். புறாக்காரர்கள் பாராடைபாய்டு என்று அஞ்சும் நோய் இது. அந்த அச்சம் நியாயமானது. இறக்கை மூட்டில் உருண்டையாக வீக்கம், நொண்டல், பச்சைக் கழிச்சல், இளைப்பு, சிலவற்றில் கழுத்துத் திருகல், கூட்டுக்குள்ளேயே குஞ்சு சாவு. புறா தன் குஞ்சுக்கு ஆணும் பெண்ணுமாகத் தொண்டைப் பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும் பறவை. அந்த ஊட்டலே கிருமிக்கும் வழி. முட்டை வழியாகவும் போகும். புறாவிடம் காணப்படுவது பெரும்பாலும் சால்மொனெல்லா டைஃபிமூரியத்தின் கோபன்ஹேகன் வகை. அதிலும் புறாவோடு மட்டுமே ஒட்டி வாழப் பழகிய சில வம்சங்கள் உண்டு. அவை மனிதருக்கு நோய் தருவது அரிது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். புறாவுக்கென்றே பழகிய இந்தச் சால்மொனெல்லா வம்சங்கள் பல இடங்களில் இன்னமும் பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்குபவைதான். ஆய்வகத் தட்டில் எளிதில் சாகின்றன. பிறகு ஏன் ‘என்ன கொடுத்தும் போகவில்லை’ என்று வளர்ப்பவர்கள் புலம்புகிறார்கள்? இந்தக் கிருமி புறாவின் பாதுகாப்புச் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழக் கூடியது. எல்லா மருந்தும் அங்கே போதிய அளவில் எட்டுவதில்லை. மருந்து இருக்கும்வரை எச்சத்தில் கிருமி வராது. நிறுத்திச் சில வாரங்களில், ஒரு நெடும் பந்தயத்துக்குப் பிறகோ குஞ்சு பொரிக்கும் காலத்திலோ, மறுபடி தலைகாட்டும். பார்க்கக் கொழுகொழுவென்றிருக்கும் ஒரு ‘தாய்ப்புறா’ ஆண்டுக்கணக்கில் கூண்டு முழுவதற்கும் கிருமியை வழங்கிக்கொண்டே இருக்கும். மருந்து தோற்றது உண்மை. ஆனால் அது மருந்தெதிர்ப்பு அல்ல. இந்த இரண்டையும் பிரித்தறியாமல், தோற்றதென்று நினைத்து அடுத்த வலுவான மருந்துக்குத் தாவுவதால், சால்மொனெல்லா போகாமலே குடலில் இருக்கும் ஈ. கோலைக்கு எதிர்ப்பு வந்து சேர்கிறது. என் பார்வையில் புறா வளர்ப்பில் மருந்து வீணாவதற்கான முதன்மைக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

அதைவிட வேதனையானது பாக்டீரியாவால் வராத நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது. புறா கழுத்தைத் திருகிக்கொண்டு தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் தடுமாறினால் அது பெரும்பாலும் பாராமிக்சோ வைரஸ், கோழிகளின் வெள்ளைக் கழிச்சலுக்குக் காரணமான வைரஸின் உறவு. 1980களில் ஐரோப்பா முழுக்கப் பரவிப் பந்தயங்களையே முடக்கியது. தடுப்பூசி உண்டு, மாத்திரை இல்லை. வாய்க்குள் மஞ்சள் கட்டியாகப் படியும் வாய்ப்புண் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது; அதற்கான மருந்துக் குடும்பம் வேறு, அதிலும் எதிர்ப்பு தோன்றிவிட்டது.

இளம்புறா நோய்தான் இதில் பெரிய பாடம். கோடையில் குஞ்சுப்புறாக்களைப் பயிற்சிக்கு ஏற்றிய ஓரிரு வாரத்தில் கூண்டு முழுக்க வாந்தியும் பச்சைத் தண்ணீராகக் கழிச்சலும், தொண்டைப் பையில் செரிக்காத தானியமும். ஐரோப்பாவில் பல்லாண்டாக இதை ‘அடினோ-கோலை’ என்று அழைத்தார்கள்: அடினோ வைரஸ் வழி திறக்கிறது, ஈ. கோலை உள்ளே புகுந்து கொல்கிறது என்பது விளக்கம். எனவே ஆண்டுதோறும் ஆன்டிபயாடிக். 2016இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் புறாக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, ஈரலைச் சிதைக்கும் ஒரு புறா ரோட்டா வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு இளம்புறா நோயிலும் அதே வைரஸின் கையைக் கண்டார்கள். ஈ. கோலை இரண்டாம் கட்டத்தில் சில புறாக்களைக் கொல்வது உண்மைதான். ஆனால் கூண்டு முழுவதற்கும் ஊற்றிய மருந்தில் பெரும்பங்கு, ஆன்டிபயாடிக்கைச் சட்டை செய்யாத ஒரு வைரஸின் மேல் விழுந்தது. பெரும்பாலான குஞ்சுகள் ஒரு வாரத்தில் தாமே தேறியிருக்கும். பேர் மருந்துக்குப் போயிற்று.

தெருப்புறாவின் வழக்கையும் கேட்டுவிடுவோம். செக் நாட்டின் புர்னோ நகரத் தெருப்புறாக்களின் எச்சக் கிருமிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஈ. கோலைகளில் மருந்தெதிர்ப்பு கொண்டவை மிகச் சொற்பம். ஊருக்குள்ளேயே வாழ்ந்து தானியமும் ரொட்டித் துணுக்கும் தின்னும் பறவைக்கு ஆன்டிபயாடிக் யாரும் கொடுப்பதில்லை. அதன் குடல் அது எதைக் குடிக்கிறதோ அதைக் காட்டும். சாக்கடையும் குப்பைமேடும் தேடிப் போகும் கடற்காக்கைகளில் எதிர்ப்புக் கிருமிகள் மிகுதியாகக் கிடைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே. தெருப்புறாவும் அசுத்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் வேறு மாதிரிதான் இருக்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லித் தெருக்களில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும் என்.டி.எம்-1 என்னும் எதிர்ப்பு மரபணு இருந்தது. அந்தக் குட்டையில் குடிக்கும் புறாவிடம் அது கிடைத்தால் குற்றவாளி புறாவா?

மும்பையில் புறாக்களுக்குத் தீனியிடும் தாதர் கபூதர்கானாவை 2025இல் தார்ப்பாய் போட்டு மூடியதும், விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போனதும் செய்தியில் வந்தன. அங்கே முன்வைக்கப்பட்ட முக்கிய உடல்நல வாதம் நுரையீரல் ஒவ்வாமை. புறாவின் இறகுத்தூளையும் காய்ந்த எச்சத்தையும் நீண்டநாள் சுவாசிப்பதால் வருவது அது. மெய்யான ஆபத்துதான், ஆனால் அது தொற்றும் அல்ல, மருந்தெதிர்ப்பும் அல்ல. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புறா முதுகில் ஏற்றினால் எதற்கும் தீர்வு கிடைக்காது.

இந்தக் கதையில் சென்னைக்கு இரண்டு இடங்கள் உண்டு. வட சென்னை மொட்டைமாடிகளில் ஹோமர் என்னும் வீடுதிரும்பும் புறாவும் கர்ணப்புறாவும் வளர்ப்பது தலைமுறைப் பழக்கம். 2015இல் வந்த ‘மாரி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வாசனை தெரியும். இன்னொன்று ஆய்வகம். என்.டி.எம்-1 கிருமிகள் இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று உலகத்தை உலுக்கிய 2010 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் மருத்துவர்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு வழிவரைந்த ‘சென்னைப் பிரகடனம்’ இவ்வூர்ப் பெயரைத் தாங்கியது. அதன் பின் சட்டங்கள் கொஞ்சம் இறுகின. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை மருந்துகளுக்கு மருந்துக் கடையில் தனிப் பதிவேடு வந்தது. 2019 ஜூலையில் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்திலும் பயன்படுத்தத் தடை வந்தது.

புறா இவற்றின் இடுக்கில் நழுவுகிறது. அது உணவுக்கான கால்நடைக் கணக்கிலும் சரியாகச் சேராது, நாய் பூனைபோல மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் செல்லப்பிராணியும் ஆகாது. சிப்ரோஃப்ளாக்சசினும் டாக்சிசைக்ளினும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்துகள். ஆனாலும் ‘ஒரு ஸ்ட்ரிப் கொடுங்க’ என்று கேட்பவரிடம் அது புறாவுக்கா, பிள்ளைக்கா என்று எல்லாக் கடைகளிலும் கேட்பதில்லை. இது நமக்கு மட்டுமான குறை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில்தான் வழக்கமாகக் கொடுக்கும் தடுப்பு ஆன்டிபயாடிக்கை விலக்கும் புதிய கால்நடை மருந்துச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2023இல்தான் மனித மருத்துவத்துக்கு முக்கியமான கால்நடை ஆன்டிபயாடிக்குகள் முழுதும் மருத்துவர் சீட்டுக்குள் வந்தன. அவ்வாண்டு இறுதியில், மீன்தொட்டிக்கும் வளர்ப்புப் பறவைக்கும் என்று அனுமதியின்றி ஆன்டிபயாடிக் விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புத் தொற்றுகள் நேரடிக் காரணமாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அதில் புறாக் கூண்டின் பங்கு மிகச் சிறியதாகவே இருக்கும். ஆனால் அந்தக் கூண்டில் அடுத்தமுறை நோய் வரும்போது எந்த மருந்து வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே ஏற்கெனவே ஊற்றியவைதான்.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி சோதனை அறுபதாண்டுப் பழையது. எச்சத்திலிருந்தோ செத்த புறாவின் ஈரலிலிருந்தோ வளர்த்தெடுத்த கிருமியை அகார் தட்டில் சீராகப் பூசுவார்கள்; மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் இடைவெளி விட்டு வைப்பார்கள். இரவு முழுக்கச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் தட்டு முழுக்கக் கிருமி பால்படலமாக வளர்ந்திருக்கும். வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்லிவிடலாம். வில்லையின் ஓரம்வரை கிருமி ஒட்டி வளர்ந்திருந்தால் அந்த மருந்துக்கு அந்தக் கூண்டில் வேலை இல்லை. வட்டத்துக்கு நடுவே தனித்தனிப் புள்ளியாக நாலைந்து வளர்ந்திருந்தால் எதிர்ப்பு தலைதூக்கத் தொடங்கிவிட்டது என்று ஆய்வாளர் சந்தேகப்படுவார்.

இப்படிக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரின் செலவையும் இரண்டு மூன்று நாள் காத்திருப்பையும் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். நல்ல ஹோமர் ஜோடியின் விலையோடும், ஆண்டு முழுக்க வாங்கும் மாத்திரைகளின் விலையோடும் அதை வைத்துப் பார்த்தால் தயக்கம் நிற்காது. ஒரு புறாவின் நோயை அறிந்தால் கூண்டு முழுவதற்கும் மருந்து கொடுக்கத் தேவையிராது. நோயாளியைத் தனியே பிரித்து, எடை பார்த்து, வாய் வழியே அளந்து கொடுக்கலாம். வாங்கி வந்த புதுப்புறாவையும் வழிதவறி வந்து இறங்கும் புறாவையும் சில வாரம் தனிக் கூண்டில் வைப்பது, நெரிசலைக் குறைப்பது, எலி தீனியில் வாய்வைக்காமல் பார்ப்பது, தரையைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது, கிடைக்கும் இடத்தில் தடுப்பூசி போடுவது. எந்த மாத்திரையையும்விடச் சால்மொனெல்லாவை அடக்குவது இவைதான். வளர்ந்துகொண்டிருக்கும் குஞ்சுக்கு என்ரோஃப்ளாக்சசின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக் கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புறா வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை கூண்டில் கழிச்சல் கண்டால் மருந்துக் கடைக்குப் போகும் முன், மருந்து எதுவும் தொடாத நிலையில், ஐந்து நாள் எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குளிர்ச்சியாக வையுங்கள். சால்மொனெல்லா தினமும் வெளியேறுவதில்லை, ஒருநாள் மாதிரியில் தப்பிவிடும். செத்த புறா இருந்தால் புதைக்காமல் ஐஸில் வைத்து, கூடவே எடுத்துக்கொண்டு அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கால்நடை மருத்துவரிடமோ போங்கள். ‘கல்ச்சரும் சென்சிடிவிட்டியும் பார்க்க வேண்டும்’ என்று நீங்களே கேளுங்கள். முடிவு வரும்வரை நோயாளியைத் தனியே வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கிண்ணத்தில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.